‘சுழற்சி முறை’ என்னும் சொற்கேடு

அஞ்செட்டிப் பேருந்து நிலையத்துச் சுவரில் கண்ட ஒரு துண்டறிக்கையிலிருந்து தொடங்குகிறோம். ஓசூர்ப் பக்கத்து ஆலை ஒன்றுக்கு ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரர் ஒட்டியது அது. வயது இவ்வளவு, படிப்பு இவ்வளவு, தங்குமிடம் உண்டு, வண்டி வசதி உண்டு என்றெல்லாம் வரிசையாகச் சொல்லி, அடியில் ‘சுழற்சி முறையில் பணி’ என்று முடிந்திருந்தது. நம்மோடு நின்றிருந்த மாணவர் அவ்வூர்க்காரர். படித்துவிட்டு, “சுழற்சின்னா மெஷின் சுத்துறதா ஐயா, ஆளு சுத்துறதா?” என்றார். நாம் சிரித்துவிட்டோம். தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்து, அதையே பல்லாண்டுகளாகக் கற்பித்தும் வருகிற நமக்கு, சிரித்து முடித்த பின் சொல்வதற்கு விடை இருக்கவில்லை.

அன்றிலிருந்து இந்தச் சொல் நம்மை விடவில்லை. பார்க்கும் இடமெல்லாம் சுழற்சி. அணையில் தண்ணீர் திறந்தால் ‘சுழற்சி முறையில்’ திறக்கிறார்கள். பயிரை மாற்றி விதைத்தால் பயிர்ச் சுழற்சி. அரசு வேலைக்கு ஆள் எடுத்தால் இனச்சுழற்சி. ஊராட்சித் தலைவர் பதவியை ஒதுக்கினால் அதுவும் சுழற்சி. மழை பெய்து கடலுக்குப் போய் மேகமானால் நீர்ச் சுழற்சி, பழைய நெகிழிப் புட்டியை உருக்கினால் மறுசுழற்சி. மகளிர் குழுவுக்குக் கடன் கொடுத்தால் சுழல் நிதி. நம் கல்லூரிகளின் கதை இதையெல்லாம் மிஞ்சும். காலையில் ஒரு கூட்டமும் பிற்பகலில் ஒரு கூட்டமும் படிக்கிற கலைக் கல்லூரிகள் அவற்றை ‘முதற் சுழற்சி’, ‘இரண்டாம் சுழற்சி’ என்று எழுதி வந்திருக்கின்றன. இரண்டாம் சுழற்சியில் சேர்ந்த பிள்ளை மூன்றாண்டும் இரண்டாம் சுழற்சியிலேயே கிடக்கிறது. ஒருநாளும் அது சுழன்று முதற் சுழற்சிக்கு வந்ததில்லை. சுழலாத ஒன்றுக்குச் சுழற்சி என்று பெயரிட்டுவிட்டு, அதை முத்திரையிலும் மதிப்பெண் சான்றிலும் பதித்துக் கொடுத்த கூட்டத்தில் நாமும் இருக்கிறோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

ஒரு சொல் பல துறைகளில் பல பொருள் பெறுவது குற்றமன்று. மொழியின் இயல்பே அதுதான். வருவாய்த் துறைக்கு அஞ்செட்டி ஒரு ‘வட்டம்’. அதற்குள் உள்வட்டங்கள் வேறு. அந்த மலையையும் காட்டையும் பள்ளத்தையும் நிலப்படத்தில் பார்ப்பவர் எவரும் வட்டம் என்று சொல்லமாட்டார். ஆனாலும் அந்தச் சொல்லால் எவருக்கும் கேடில்லை. நம் வழக்கு வேறு. சுழற்சி என்ற ஒரு சொல், வேறொரு நல்ல சொல்லின் வீட்டுக்குள் புகுந்து, அதை வேலைக்காரனாக்கிக் கொண்டது. அந்தச் சொல் ‘முறை’.

சுழற்சிக்கு உரிய இடம் எதுவென்பதில் நமக்கு மயக்கமில்லை. தன் அச்சில் தான் திரும்புவது சுழற்சி. பள்ளிப் பாடநூல்கள் புவி தன் அச்சில் திரும்புவதைச் சுழலுதல் என்றும், கதிரவனை வலம்வருவதைச் சுற்றுதல் என்றும் பிரித்துச் சொல்கின்றன. அருமையான பிரிவினை அது. ஆங்கிலவழிப் பிள்ளைகள் இரண்டுக்கும் உரிய இரு சொற்களைக் குழப்பிக்கொண்டு மதிப்பெண் இழப்பதை நாம் கண்டிருக்கிறோம். தமிழ்ப் பிள்ளை பம்பரம் விட்டிருந்தால் போதும், குழப்பம் வராது. புவி சுழல்கிறது என்பதை ஆரியபடர் பொ.ஆ. 499இல் எழுதிய நூலிலேயே சொன்னார். விண்மீன்களை வைத்து அளந்தால் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 வினாடி. இதில் எவர் மனமும் எவர் கையும் இல்லை. யாரும் தள்ளவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. ஆகவே சுழற்சி என்ற சொல் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. எந்திரத்தின் சுழலிக்கும் பொருந்துகிறது.

மனிதர்கள் மாறி மாறி ஒன்றைச் செய்வதற்கோ பெறுவதற்கோ தமிழில் இருந்த சொல் முறை. ‘இன்று உன் முறை’, ‘முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சு’, ‘முறைக்காரர் வந்துதான் பூசை’ என்பன இன்றும் வழங்குவன. இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள். வரிசை, ஒழுங்கு, தடவை, உறவு, உரிமை எல்லாம் முறைதான். எல்லாவற்றுக்கும் மேலாக நீதி என்பதும் முறைதான். அரசன் முறை செய்தான் என்றால் நீதி வழங்கினான் என்று பொருள். வள்ளுவர் செங்கோன்மையைப் பேசும் அதிகாரத்தில் இச்சொல் இந்தப் பொருளில்தான் வருகிறது. ஆக, யாருக்கு எப்போது என்ற வரிசையும், அது நியாயமா என்ற கேள்வியும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்தன. அதனால்தான் முறை தவறினால் ‘முறைகேடு’ என்கிறோம். தவறியதை எடுத்துச் சொன்னால் அது ‘முறையீடு’. சுழற்சியிலிருந்து இப்படி ஒரு சொல்லைப் பிறப்பித்துக் காட்டுங்கள் பார்ப்போம். சுழற்சிக்கேடு என்று எவரும் வழக்குப் போட முடியாது. சக்கரம் சுழல்வதைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

எளிய சோதனை ஒன்று உண்டு. ‘என் முறை எப்போது வரும்?’ என்று கேட்கலாம். ‘என் சுழற்சி எப்போது வரும்?’ என்று தமிழ் பேசும் எவராலும் கேட்க இயலாது. முறைக்கு உடையவர் உண்டு, சுழற்சிக்கு இல்லை.

‘சுழற்சி முறை என்பதிலேயே முறை இருக்கிறதே, பிறகென்ன சண்டை?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது, பின்னொட்டாக. அங்கே முறை என்பதற்கு வழிவகை, செயல்முறை என்ற பொருள் மட்டுமே எஞ்சியிருக்கிறது. எண்ணெய் எடுக்கும் முறை, தேர்வு நடத்தும் முறை என்கிறோமே, அந்த முறை. உன் முறை, என் முறை என்பதில் உள்ள முறை அங்கே இறந்துவிட்டது. வீட்டுக்காரனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, ‘அவர்தான் வீட்டிலேயே இருக்கிறாரே’ என்பது போன்றது இந்த வாதம்.

அக்கம்பக்கத்து மொழிகள் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கின்றன. அஞ்செட்டியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தேநீர்க் கடையில் புழங்குகின்றன. அங்கே வரும் கன்னட நாளேட்டில் ஆலையின் ஷிப்ட் ‘பாளி’ எனப்படுகிறது, இரவுப் பணி ‘ராத்ரி பாளி’. பாளி என்றால் முறை. வரிசையில் ஒருவரது முறைக்குச் ‘சரதி’ என்ற சொல்லும் அவர்களிடம் இருக்கிறது. தெலுங்கர் ‘வந்து’ என்பர் (மேடைப் பேச்சாளர் வாய்க்குள் புகுந்துகொண்டு வெளியேற மறுக்கும் நம் ‘வந்து’ அன்று இது). அச்சொல்லுக்கு முறை என்பதோடு பங்கு என்றும் பொருள். மலையாளத்தில் ‘ஊழம்’. இச்சொல்லைக் கேட்டதும் இலக்கிய வாசகருக்கு நினைவு வருவது எம்.டி. வாசுதேவன் நாயர் 1984இல் வெளியிட்ட ‘ரண்டாமூழம்’. பாண்டவருள் இரண்டாமவனான பீமனின் கதை. திரௌபதியின்பால் ஐவருக்கும் முறை வகுத்திருந்ததில் அவனுடையது இரண்டாம் முறை. தலைப்பே நாவலின் காயம். குறிஞ்சிவேலன் தமிழாக்கத்தில் அது ‘இரண்டாம் இடம்’ ஆயிற்று. மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று, அவர் உழைப்பின்பால் நமக்கு மதிப்பு மிகுதி. ஆனால் இடம் என்பது பந்தயத்தில் கிடைப்பது. ஊழம் என்பது காத்திருந்து பெறுவது. அந்தக் காத்திருப்புதான் தலைப்பிலிருந்து உதிர்ந்துபோயிற்று. இத்தனைக்கும் ‘ஊழ்’ நமது சொல். விதி என்ற பொருளை வள்ளுவரின் அதிகாரத் தலைப்பால் எல்லாரும் அறிவர். முறை என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதை அகராதியைப் புரட்டுவோர் மட்டுமே அறிவர்.

சரி, இதெல்லாம் தமிழாசிரியர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாம்தான், அந்தத் துண்டறிக்கை அங்கே இல்லாதிருந்தால்.

அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். 1970களில் அங்கே சிப்காட் வந்தது. பின்னர் வண்டி ஆலைகளும் உதிரிபாகப் பட்டறைகளும் வந்தன. அண்மை ஆண்டுகளில் தேன்கனிக்கோட்டைப் பக்கமே மின்னணு ஆலைகள் எழுந்தபின் பெண்பிள்ளைகளும் வண்டியேறுகிறார்கள். காலை ஆறு மணிப் பணிக்குப் போக வேண்டியவர் இருட்டிலேயே எழுந்து, நான்கு மணிக்கெல்லாம் சாலையோரம் நிற்க வேண்டும். இரண்டு மணிப் பணி முடிந்து வருபவர் நள்ளிரவில் இறங்குவார். இரவுப் பணிக்காரர் வீடு திரும்பும்போது வீட்டில் மற்றவர்கள் காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை இது மாறும். இதற்கு ஊரில் எவரும் சுழற்சி என்று சொல்வதில்லை. ‘ஏ ஷிப்ட்’, ‘பி ஷிப்ட்’, ‘சி ஷிப்ட்’. ‘இந்த வாரம் ஷிப்ட் மாறுது’. ஆங்கிலச் சொல்தான், ஆனால் அதில் எது மாறுகிறது என்பது தெரிகிறது. தமிழில் எழுதிவிட்டோம் என்று பெருமைப்படுகிற துண்டறிக்கைதான் அதை மறைக்கிறது. தூய தமிழ் என்ற பெயரால் உண்மையைத் துடைத்து எடுப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்பதுதான் வியப்பு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒரே வகை வேலையை நாளின் வெவ்வேறு வேளைகளில் செய்யும் தொகுதியினருக்கு ஒரு பெயரும், அவர்கள் வேலை செய்யும் வேளைக்கு வேறொரு பெயரும் வைத்தது. ஆள் வேறு, வேளை வேறு. அதன் 61ஆம் பிரிவு, வேலை நேர அறிவிப்பை ஆலையில் எழுதி ஒட்ட வேண்டும் என்றது. வேளைகள் குறித்த காலத்துக்கொருமுறை மாறுமானால், எந்த நாளில் எந்த அணி எந்த நேரத்தில் வேலையில் இருக்கும் என்பது எந்த நாளுக்கும் தெரியும்படி திட்டம் வகுத்து வைக்க வேண்டும் என்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அமலில் இருந்த சட்டம் அது. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இப்போது அதன் இடத்தைப் பிடித்திருக்கின்றன. பழைய பிரிவின் மொழி வறண்டதுதான். ஆனால் ‘உன் முறை எது என்பதை முன்கூட்டியே அறிய உனக்கு உரிமை உண்டு’ என்பதைத்தானே அது சொல்லிற்று? தமிழில் ஒற்றைச் சொல்லில் அடங்கியிருந்ததை ஆங்கிலச் சட்டத்துக்கு ஒரு பத்தி முழுவதும் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. நாமோ அந்தச் சொல்லையே கைவிட்டுவிட்டு, அணி மாறுவதும் வேளை மாறுவதும் மாற்றுபவர் எவர் என்பதும் விளங்காத ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டோம்.

சுழற்சி என்றே வைத்துக்கொண்டாலும், சுழற்சிக்குத் திசை உண்டல்லவா? வலஞ்சுழி, இடஞ்சுழி என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிற மொழி நம்முடையது. காவிரி வலமாகச் சுழித்த ஊரைத் திருவலஞ்சுழி என்றே அழைக்கிறோம். பணிவேளை மாற்றத்துக்கும் திசை உண்டு. காலை, பிற்பகல், இரவு என்று முன்னோக்கி நகர்த்தினால் ஒருவர் ஒவ்வொரு மாற்றத்திலும் பிந்தி உறங்கப் பழக வேண்டும். இரவு, பிற்பகல், காலை என்று பின்னோக்கி நகர்த்தினால் முந்தி உறங்க வேண்டும். மனித உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்டது. ஆகவே பிந்துவது உடலுக்கு ஓரளவு எளிது, முந்துவது கடினம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உப்பும் கனிமமும் எடுக்கும் ஆலையொன்றில் சார்லஸ் செய்ஸ்லரும் உடனுழைத்தோரும் இதைச் சோதித்து 1982இல் வெளியிட்டனர். வாரந்தோறும் பின்னோக்கி மாறிக்கொண்டிருந்த வேளைகளை முன்னோக்கி மாற்றி, ஒரு வேளையில் மூன்று வாரம் இருக்கவும் விட்டபோது தொழிலாளரின் மனநிறைவும் கூடிற்று, உற்பத்தியும் கூடிற்று. முதலாளிக்கும் இலாபம் என்று மெய்ப்பித்துக் காட்டியபின்னும் நாற்பதாண்டுகளாக இதை நம் ஊர்ச் சுவரில் எழுதுவாரில்லை. உள்கடிகாரம் இயங்கும் வகையைப் பழ ஈக்களில் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உடலின் ஒழுங்கைக் குலைக்கும் இரவுப் பணியை, புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது என்ற இரண்டாம் படிநிலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வைத்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தது. இவ்வளவும் அந்தத் துண்டறிக்கையின் கடைசி வரிக்குள் இருக்கிறது. ‘சுழற்சி’ என்று படிப்பவருக்கு இராட்டினம்தான் நினைவுக்கு வரும்.

2023 ஏப்ரல் 21இல், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் திருத்தத்தைச் சட்டப்பேரவை நிறைவேற்றியதும், எழுந்த எதிர்ப்பைக் கண்டு மே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றதும் வாசகர் அறிந்தவை. அப்போது எழுதப்பட்ட கட்டுரைகளில் எத்தனை மணி என்பதைப் பற்றிய கணக்கே மிகுந்திருந்தது. எந்த எட்டு மணி, எந்த வாரம், யார் தீர்மானிப்பது என்ற பேச்சு அரிதாகவே காதில் விழுந்தது. மணியை எண்ணச் சொல் இருக்கிறது. மற்றதைக் கேட்கச் சொல் இல்லாமற் போயிற்று.

அந்த மாணவரின் ஊருக்கு மறுபடி வருவோம். பன்னார்கட்டாப் பக்கத்திலிருந்து ஆண்டின் கடைசி மாதங்களில் யானைகள் வலசை இறங்கும் பகுதி இது. அஞ்செட்டிக் காடு 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயத்தைச் சேர்ந்தது. கேழ்வரகு கதிர் முற்றும் காலமும் யானை வரும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. இரவில் காவல் இருந்தாக வேண்டும். இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். எவருக்காவது இயலாவிட்டால் இன்னொருவரிடம் சொல்லி முறையை மாற்றிக்கொள்வார். அந்தக் கடன் நினைவில் நிற்கும், அடுத்த வாரம் தீரும். பரணில் தூங்கிவிட்டவன் மறுநாள் ஊர்முன் தலைகுனிவான். இதுவும் இரவுப் பணிதான். இதுவும் மாறி மாறி வருவதுதான். உடலுக்கு இதுவும் கேடு செய்வதுதான். ஆயினும் ஆலையின் ‘சி ஷிப்டை’ப் பற்றிப் பேசும்போது நம் மாணவர் முகத்தில் இருக்கும் கையறுநிலை, யானைக் காவலைப் பற்றிப் பேசும்போது இல்லை. அங்கே அவர் ஒரு முறைக்காரர், இங்கே ஒரு பல்சக்கரம்.

சுழற்சி வேண்டிய இடத்தில் அது இல்லை என்பதும் இதே ஊரில்தான் தெரிகிறது. மானாவாரிக் கேழ்வரகுக் காட்டில் இடையிடையே சால் விட்டு அவரையும் துவரையும் கடுகும் விதைப்பது இப்பகுதியின் பழைய வழக்கம். எல்லைக்கு அப்பால் கன்னடத்தார் இதை ‘அக்கடி சாலு’ என்பர். பின்பருவத்தில் கொள்ளு போடுவார்கள். அவரையின், கொள்ளின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அறிவியல் கண்டது. அதற்கு முன்பே, கோதுமை, டர்னிப், பார்லி, கிளாவர் என்று நான்காண்டு வட்டம் வைத்து நார்ஃபோக் உழவர்கள் செய்ததை உலகம் கொண்டாடுகிறது. நம் ஊரார் காலத்தால் பிரித்ததோடு நில்லாமல், ஒரே காட்டில் சாலாலும் பிரித்தார்கள். அதைப் பாடநூலில் ‘பயிர்ச் சுழற்சி’ என்ற ஒற்றைத் தலைப்பில் அடைத்தால் பாதி வெளியே நிற்கிறது. இன்று தண்ணீர் உள்ள நிலத்தில் தக்காளிமேல் தக்காளி. ராயக்கோட்டைச் சந்தையில் விலை ஏறினால் ஊரெல்லாம் தக்காளி, இறங்கினால் சாலையெல்லாம் தக்காளி. வாடல் நோய் தாக்குகிறது, நூற்புழு பெருகுகிறது. ஓய்வும் மாற்றமும் தேவைப்படும் மண்ணுக்கு மாற்றமில்லை. ஒரே சீராக உறங்கி எழ வேண்டிய உடலுக்கு வாரந்தோறும் மாற்றம்! பொருளியல் வல்லுநர் எவரேனும் இதை விளக்கினால் கேட்டுக்கொள்கிறோம்.

அரசியல் துறையில் இந்தச் சொல்லைத் தொடத் தயங்குகிறோம். சமூகநீதியின் மேல் காழ்ப்புடையோர் எவரும் நம்மைத் துணைக்கழைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டே தொடுகிறோம். 1927இல் பிறந்து, அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் பெயரோடு நிலைத்த வகுப்புவாரி ஆணை, பன்னிரண்டு இடங்களைப் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பார்ப்பனருக்கு இரண்டு, முகமதியருக்கு இரண்டு, ஆங்கிலோ-இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்தோர்க்கு இரண்டு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒன்று என வரிசையில் வைத்தது. இன்று தமிழ்நாட்டில் அது இருநூறு புள்ளி வரிசையாக விரிந்திருக்கிறது. இதை ‘இனச்சுழற்சி’ என்கிறோம். இதன் பெருமையே இதில் எதுவும் தானாகச் சுழலவில்லை என்பதுதான். ஒவ்வோர் எண்ணிலும் யாருடைய முறை என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்ததால்தான் மீறினால் வழக்குத் தொடுக்க முடிகிறது. இதைப் போராடிப் பெற்றவர்கள் முறை கேட்டார்கள். ஆணையை மொழிபெயர்த்தவர்கள் சுழற்சி என்று எழுதினார்கள்.

ஊராட்சிகளின் கதை கசப்பானது. 1992ஆம் ஆண்டின் 73ஆம் திருத்தம், ஒதுக்கீட்டு இடங்கள் வெவ்வேறு தொகுதிகளுக்கு மாறி மாறி வழங்கப்படலாம் என்றது. 1996இலிருந்து 2006 வரை பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் ஒருவர் தலைவராக நிலைத்து அமர முடியாமற்போனதை நாடறியும். 2006 அக்டோபரில்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. அந்தப் பத்தாண்டு எதிர்ப்பின் அடியில், ‘காத்திருந்தால் சுழன்று வேறு ஊருக்குப் போய்விடும்’ என்ற கணக்கும் இருந்ததாகவே நாம் வாசிக்கிறோம். இது அவர்களுடைய முறை என்று எண்ணுகிறவன் வழிவிடுவான். இது ஏதோ சுழல்கிறது என்று எண்ணுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பான். உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றிப் பெருமை பேசுவோருக்கு ஒரு சொல். முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டு, முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி இருக்கலாகாது என்று விதிக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்த முறை பிராமண சபையின் உள்ளேயே சுற்றிவந்தது. வட்டத்துக்குள் யார் என்ற கேள்வி வட்டத்துக்கு வெளியிலிருந்துதான் வரும்.

நம் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தையும், பின் வவுனியாவில் தொடர்ந்ததையும் ஈழத்து ஏடுகள் ‘சுழற்சி முறையிலான’ போராட்டம் என்று எழுதின. அங்கே அச்சொல் நம்மைக் கொஞ்சம் வாயடைக்கச் செய்தது. தாய்மார் மாறி மாறி அமர்கிறார்கள். ஆள் மாறினாலும் பந்தல் காலியாவதில்லை. போராட்டத்தினிடையே இறந்துபோன தாய்மாரும் உளர். நிற்காமல் ஓடும் ஒன்றுக்குச் சுழற்சி என்ற சொல் அங்கே ஒரு கனத்தைப் பெற்றுவிட்டது என்பதை மறுக்க நமக்கு வாய் வரவில்லை. அவர்கள் தாமே ஏற்றுக்கொண்ட சுழற்சி அது, எவரும் சுவரில் ஒட்டி அழைத்ததன்று என்ற ஒரு வேறுபாட்டை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

முறை என்றாலே நன்மை என்றும் நாம் சாதிக்கவில்லை. பெற்ற தாயை மாதத்துக்கொரு மகன் வீடு என்று முறை வைத்துச் சோறு போடுகிற ஊர்கள்தான் நம்முடையவை. முப்பத்தொரு நாள் வரும் மாதம் யார் தலையில் என்று சண்டை போட்ட அண்ணன் தம்பிகளை நமக்குத் தெரியும். மாதம் முடிகிற மாலை, துணி மூட்டையோடு தெருவில் நடந்து போகிற அந்தக் கிழவியைப் பார்த்தவருக்கு முறை என்ற சொல்லின் கொடூரமும் தெரியும். ஆனால் அந்தத் தெருவில் நிற்கும் எவரும், ‘இந்த மாதம் யாருடா முறை?’ என்று கேட்டு அந்த மகனைக் கூசச் செய்ய முடியும். கேட்டிருக்கிறார்கள். நாமும் ஒருமுறை கேட்டோம்.

அந்த மாணவர் இப்போது மூன்றாமாண்டு படிக்கிறார், வாரச் சம்பளத்துக்கு ஆலைக்கும் போகிறார். சி ஷிப்ட் வாரங்களில் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து, கண்களைத் திறந்தபடியே உறங்கப் பழகிக்கொண்டிருக்கிறார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு எழுபத்தைந்து விழுக்காடு வருமா என்பது ஐயம். விளக்கம் கேட்டு அலுவலகம் அனுப்பிய படிவத்தில், வராமைக்குக் காரணம் என்ற கட்டத்தில் ‘சுழற்சி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். எந்தச் சுழற்சி, முதலா இரண்டாவதா என்று அலுவலகத்தார் சிவப்பு மையில் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். படிவம் நம் மேசைமேல் கிடக்கிறது. துறைத்தலைவர் பொறுப்பும் நம் கல்லூரியில் சுழற்சி முறைதான். இவ்வாண்டு கையெழுத்திட வேண்டியவர் நாம்.